மிதந்த துளி

ரத்ததான முகாமுக்கு லகாட் ஊர்க் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கியவனும், மைக்கைப் பிடித்துக் கத்தியவனும் சங்கத் தலைவன் தனேஸ்வரன்தான். "ரப்பர் தோட்டத்துல பொறந்த உடம்புலா நம்மளது! ஊசிக்குப் பயந்தா எப்படி?" என்று முழங்கினான். முதல் ஆளாகத் தலைவர்தான் படுக்க வேண்டும் என்ற வழக்கம் மட்டும் அந்த மகராசனுக்கு மறந்துபோயிற்று.

அவனுக்கு வெகுநாளாகக் குடல் அழற்சி. கழிவறைக்குப் போனால் ரத்தம். மனைவி குமுதாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தலைவருக்கு வரக்கூடிய வியாதியா அது? இருதயம் என்றாலாவது ஒரு மரியாதை இருக்கும்.

"மச்சான், வா வா, போட்டோ எடுக்கணும்" என்று சங்கச் செயலாளன் அர்ச்சுனன் அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தான்.

"வியாதி ஏதும் இருக்காண்ணே?" ரத்தம் எடுக்க வந்திருந்த நர்ஸ் மிஸ்ஸி கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி."

விரலில் குத்தி, ஒரு துளியை நீலத் தண்ணீரில் விட்டார். நல்ல ரத்தம் என்றால் அடியில் போய்விடும். இது மேலேயே நின்றது. கூட்டம் எட்டிப் பார்த்தது. தன்னைப் போலவே தன் ரத்தமும் மேலே ஏறி நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்கிறதே என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

"ரத்தம் ரொம்பக் கம்மிண்ணே. இரும்பு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுற லட்சணத்தைக் கேளுங்க!" மைலோ பானம் கலக்கிக்கொண்டிருந்த குமுதா கரண்டியோடு வந்துவிட்டாள். "மாத்திரை வாயில, உடனே ஒரு கிளாஸ் தே தாரிக். குடல்ல புண்ணு மிஸ்ஸி, ரத்தமா போவுது. வெளிய சொன்னா கௌரவம் போயிருமாம்!"

மானம் கப்பலேறியாயிற்று.

"தே தாரிக் மாதிரித் தேத்தண்ணி இரும்பை உடம்புல சேர விடாதுண்ணே. மாத்திரை ஒத்துக்கலன்னா ஊசி வழியா ஏத்துவாங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. இந்த வியாதிய மறைச்சிட்டு ரத்தம் கொடுக்க வரலாமா?"

தலைவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வரிசையில் நின்றிருந்த லாரிக்கார ஐயாவு, ரத்தம் கொடுக்காமலே பின்னால் வந்தான்.

"அண்ணே..." குரல் இறங்கியது. "எனக்கும் அப்படித்தான் போவுது. வீட்டுலகூட சொல்லல. பயமா இருக்குண்ணே."

தனேஸ்வரன் அவன் தோளைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். லாரிக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு என் டாக்டர்கிட்ட போலாம். நானும் வாரேன். வழியில தே தாரிக் மட்டும் கேக்காத."