'நீ' போன மதியம்

லியோன் நகரத்தில் விடுமுறை சோம்பலாக நகர்ந்தது. காலையில் ஓவியக் கூடம், மதியம் நீண்ட சாப்பாடு. பள்ளி நாளிலிருந்து நண்பனான பாஸ்தியானிடம், இன்று ஓர் ஓவியத்தின் முன்னால் நின்று, மயேல் தன் காதலைச் சொல்லிவிட்டாள். அவன் முகம் சிவந்து, "பசிக்குது, போலாம்" என்றான்.

உணவகத்தில் தோழி எலோடிதான் வாய் ஓயாமல் பேசினாள். "ரெண்டு பேரும் ஏன் உம்முனு இருக்கீங்க? மீன் ஆறிப்போகுது!"

பாஸ்தியான் ரொட்டிக் கூடையை மயேல் பக்கம் நகர்த்தினான். "நீங்க எடுத்துக்கோங்க."

எலோடி விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னடா, மாமியார்கிட்ட பேசுற மாதிரி!"

அவன் சிரிக்கவில்லை.

தண்ணீர்க் குடுவை அவன் பக்கம் இருந்தது. கேட்க வாயெடுத்த மயேலுக்கு 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா என்று தெரியவில்லை. தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.