ஒத்திகை நோயாளி

ஆஸ்பத்திரியின் பேரிடர்க் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், மூன்றாம் மாடி பிரசவ வார்டு நர்சைப் பிடித்துப் போட்டார்கள். ஏழு ஆண்களுக்கு நடுவே ஒப்புக்குச் சப்பாணி. ஆனால் ஒத்திகைக்கு மட்டும் அவள் இல்லாமல் முடியாது. ஸ்ட்ரெச்சரில் படுக்க ஆள் வேண்டுமே.

"சிஸ்டர்தான் ஒல்லி, தூக்க சுலபம்," என்பார் விசில்காரர். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக அலைகிற செக்யூரிட்டி அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது.

ஆறு வருஷம் படுத்தாள். ஒவ்வொரு முறையும் படிக்கட்டின் முதல் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் முட்டி நின்றுவிடும். எப்படிச் சாய்த்தாலும் திரும்பாது. "எந்திரிச்சு நடந்து வாங்க சிஸ்டர், கீழ வந்து படுத்துக்கலாம்," என்பார் விசில்காரர். நாலு படி நடந்து மறுபடி படுப்பாள். அறிக்கையில் 'நான்கு நிமிடம், வெற்றி' என்று ஏறும். தூக்குகிறவர்களுக்கு அது சின்ன இடைஞ்சல். படுத்திருப்பவள்தான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சார், ஆபரேஷன் ஆனவங்க எந்திரிச்சு நடக்க மாட்டாங்க. வார்டைக் கீழ மாத்துங்க, இல்லன்னா துணி ஸ்ட்ரெச்சராவது வாங்கிக் கொடுங்க," என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னாள்.

"நல்ல விஷயம். எழுதிக்கங்க," என்பார் குழுத் தலைவரான பெரிய டாக்டர். எழுதிக்கொண்டார்கள், 'மகளிர் கருத்துகள்' என்ற தலைப்பின் கீழ். கிணற்றில் போட்ட கல்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் பக்கத்து மின்பெட்டி பற்றிக்கொண்டது. நடக்க முடிந்த தாய்மார்களைக் குழந்தைகளோடு இறக்கிவிட்டாள் நர்ஸ். மிஞ்சியது ஒரு தையல்காரி. சிசேரியன் முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது, இடுப்புக்குக் கீழே இன்னும் மரத்துக் கிடந்தது. நாலு பேர் அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். குழந்தை நர்சின் கையில்.

முதல் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் முட்டி நின்றது. விசில்காரர் இருமிக்கொண்டே, ஆறு வருஷப் பழக்கத்தில், "எந்திரிச்சு நடந்து வாங்கம்மா," என்றார்.

தையல்காரி நர்சைப் பார்த்தாள். "சிஸ்டர், எனக்குக் காலே தெரியலையே."

"போர்வையோட தூக்குங்க," என்று நர்ஸ் கத்தினாள். அதை யாரும் பழகியதில்லை. புகை அடைத்தது, தூக்கியவர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். யாரோ நர்சைத் தோளைப் பிடித்து, குழந்தையோடு கீழே இழுத்துப் போனார்கள். குழந்தை மட்டும் பிழைத்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒத்திகை. அதே வார்டு, அதே ஸ்ட்ரெச்சர். திருப்பம் வந்தது.

"எந்திரிங்க சிஸ்டர்."

அவள் எழவில்லை. "எனக்குக் காலே தெரியல சார்."

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் இப்போதாவது சுவரைப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள். அவளைத்தான் பார்த்தார்கள்.

"சிஸ்டருக்கு மனசு சரியில்ல போல," என்றார் பெரிய டாக்டர், தணிந்த குரலில். "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும். வேற லேடி யாரு இருக்காங்க?"

லேபிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார்கள். குழுவிலும் இனி அவர்தான் என்று அங்கேயே முடிவானது. நர்ஸ் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவளுக்கு ஆத்திரம்கூட வரவில்லை. திருப்பத்தில் லேப் அம்மா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, நாலு படி நடந்து படுத்தார்.

மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. போன தடவையைவிடப் பத்து விநாடி குறைவு என்று விசில்காரர் எழுதிக்கொண்டார்.