அவர் காதில் போட்டுப் பார்த்து வாங்கியது

முதல் ஹெட்ஃபோனை வாங்கி வந்த அன்று, என் கணவர் அதைத் தம் தலையில் மாட்டிக்கொண்டேதான் வாசற்படி ஏறினார். வயரின் மறுமுனை சட்டைப் பைக்குள் இருந்த வாக்மேனில் செருகியிருந்தது.

"கொள்ளாம், ப்ரியா! பேஸ்னா இதாக்கும் பேஸ். நெஞ்சுல வந்து இடிக்கறது, கேட்டியா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். காது மூடியிருந்ததால் தம் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு நெஞ்சில் இடிக்கும் சத்தம் தேவையில்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்த கையோடு, பாதி மென்று பாதி விழுங்கிப் பேசிவைக்கும் குறிப்பு என் காதில் தெளிவாக விழவேண்டும். விழுந்ததை விழுந்தபடியே தட்டச்சு செய்யவேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று அந்த வேலைக்குப் பெயர். இரண்டாயிரத்து ஒன்றில் திருவனந்தபுரத்தில் மூலைக்கு மூலை அதற்குப் பயிற்சி நிலையம் வைத்திருந்தார்கள். அப்படி ஒன்றில் நானும் சேர்ந்திருந்தேன். தேர்வில் ஜெயித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். மூன்று முறை எழுத விடுவார்கள். மூன்றும் போனால் மறுபடி முதலிலிருந்து பணம் கட்டவேண்டும். அதற்குக் கரமனையில் எங்கள் வீட்டில் யாரும் சம்மதிக்கப் போவதில்லை. அம்பாசமுத்திரத்தில் தட்டச்சு ஹையரை முதல் வகுப்பில் தேறிய கைகள், கல்யாணமான நாளிலிருந்து அரிசி களைந்துகொண்டிருந்தன. இந்த வேலை போனால் இனி அரிசிதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் அந்த ஹெட்ஃபோனை வாங்குவதற்குள் முதல் தேர்வு போய்விட்டது. அதையும் சொல்லவேண்டும். பயிற்சி நிலையத்தில், டாக்டர்களின் குழாய் மாதிரி மோவாய்க்குக் கீழே தொங்கும் ஹெட்ஃபோன் ஒன்று இருந்தது. ஒரு பேட்ச் கழற்றி வைத்ததை அடுத்த பேட்ச் எடுத்து மாட்டிக்கொள்ளும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை வீட்டில் சொன்னேன்.

"சிவ சிவா! யார் யார் காதுக் குறும்பியோ!" என்றார் என் மாமியார் பாகீரதி. மறுநாள் காலையில், தோய்த்து உலர்த்திய பழைய வேட்டித் துணியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து என் கையில் கொடுத்தார். "இதைச் சுத்திண்டு காதுல வெச்சுக்கோ. ஒரு தோஷமும் இல்லை."

சுற்றிக்கொண்டேன். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினார். தேறவில்லை.

அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவாகி, என் கணவர் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போய், தம் காதில் போட்டுப் பார்த்து, அந்தப் பேஸை வாங்கி வந்தார். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கால்மணி நேரத்தில் காது எரிந்தது. அரைமணியில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

காரணம் என் தோடு. ஏழு கல் வைரத்தோடு. கல்யாணத்தன்று மாமியார் தம் காதிலிருந்து கழற்றி எனக்குப் போட்டது. எங்கள் தெருவில் சுமங்கலியின் காது ஒரு நாழிகைகூட மூளியாக இருக்கக்கூடாது. குளித்தாலும் படுத்தாலும் ஜுரம் வந்தாலும் தோடு காதில்தான். முன்பக்கம் பார்க்கிறவர்களுக்கு வைரம், பின்பக்கம் திருகாணி. ஹெட்ஃபோனின் பஞ்சு முன்னாலிருந்து அழுத்த அழுத்த, திருகாணி காதுக்குப் பின்னால் எலும்பில் குத்தும். ஒரு கையால் ஹெட்ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். ஆனால் தட்டச்சு செய்ய ஒரு கைதான் மிஞ்சும். தூக்கிய இடைவெளி வழியாக டாக்டரின் பேச்சு வெளியே போய்விடும். உள்ளே உறுமல் மட்டும் இருக்கும்.

"கொஞ்சம் லூசாப் போட்டுக்கோயேன்" என்றார் அவர்.

"லூசாப் போட்டா கேக்கலை."

"பழகினா எல்லாம் சரியாயிடும். செருப்பு பழகலையா?"

மாமியார் அடுக்களையிலிருந்து தலையை நீட்டினார். "அனந்து, அது அழுத்தி அழுத்தி வைரத்துல கீறல் விழுந்துடப் போறதுடா."

"வைரத்துல விழாதும்மா. ஹெட்ஃபோன்லதான் விழும்" என்றவர், சொன்ன வேகத்தில் பயந்துபோய், என் தலையிலிருந்து அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் காதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் தேர்வை அதை வைத்துத்தான் எழுதினேன். கேட்காத இடத்தில் கோடு போட்டு விடவேண்டும் என்பது விதி. என் தாள் முழுக்கக் கோடாக இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தவள் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்த பிந்து. பாறசாலைப் பக்கம், ஆபரணம் எதுவும் அணியாத சபையைச் சேர்ந்த குடும்பம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஹெட்ஃபோனோடு இருப்பாள். காதில் ஒரு துளைகூடக் கிடையாது.

"அக்கா, எங்களுக்குக் கம்மல் இல்லல்லா. அதுகொண்டு எந்த ஹெட்ஃபோனும் செட்டாவும்" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அதைக் கழட்டி வெச்சிட்டு ஒரே ஒரு ஃபைல் கேட்டுப் பாருங்க" என்றாள்.

"கழட்டவா!"

தாலியைக் கழற்றச் சொன்னதுபோல் என் குரல் கிறீச்சிட்டது. பக்கத்து மேசைகளில் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாரமில்லக்கா, ஒண்ணும் ஆவாது. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்து, எனக்குக் காதுக்கு உள்ளே வைக்கிற சின்னது வேண்டும் என்று கணவரிடம் கேட்டேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதானே! தோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே!" பெரியதை அவரே வைத்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேருமாக ஆரியசாலைக்குப் போனோம்.

கடைக்காரர் பகவதிப்பெருமாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மிளகாய் வற்றல் மண்டிக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே ரேடியோவும் டார்ச்சும் விற்றுக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இயர்ஃபோன் வகைகளைப் பரப்பினார்.

"பெட்டியப் பிரிச்சிட்டா திரும்ப எடுக்கமாட்டோம், பாத்துக்கிடுங்க. காதுச் சாமானாக்கும். போட்டுப் பாக்கணும்னா இந்தா, இதுல பாருங்க" என்று ஒன்றை நீட்டினார். அதன் பஞ்சு உறை அழுக்கேறிப் பழுப்பாக இருந்தது. நான் பின்வாங்கினேன்.

"நீங்களே பாத்துடுங்கோன்னா" என்றேன்.

அவர் வாங்கிக் காதில் செருகிக்கொண்டு தலையை ஆட்டத் தொடங்கினார்.

"அக்கா போட்டுப் பாக்கலியா?" என்றார் கடைக்காரர்.

"அவளுக்கும் எனக்கும் ஒண்ணுதான்."

"காதுமா சாமி?"

சிரித்துவிட்டு வாங்கி வந்தோம். என் கணவரின் காது நல்ல விசாலமான காது. அதில் பாந்தமாக உட்கார்ந்திருந்தது, என் காதில் நிற்கவே இல்லை. டாக்டரை நிறுத்தி ஓட்டும் கால்பெடலை அழுத்தக் காலை அசைத்தால் வலது பக்கம் விழும். குனிந்து அதை எடுத்தால் இடது பக்கம் விழும். பஞ்சைத் திணித்துப் பார்த்தேன். பசை நாடா ஒட்டிப் பார்த்தேன். நாடாவைப் பிய்த்தபோது காதோர முடியும் சேர்ந்து வந்தது.

"விடு. மூணாவதா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பின்பக்கமா கழுத்தைச் சுத்தி—"

"நீங்க பாக்க வேண்டாம்."

"பக்ஷே, நான் சொல்றதைக் கேளேன்."

"கேக்க முடியலைங்கறதுதானே சங்கடமே!" என்று கத்திவிட்டேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இப்போ கோபம் இயர்ஃபோன் மேலயா, என் மேலயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

மூன்றாம் தேர்வுக்கு முந்தைய நாள், கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி ஆரியசாலையில் இறங்கினேன். பையில் அவருடைய வாக்மேனும், பிந்து பதிவுசெய்து கொடுத்த டாக்டர் கேசட்டும் இருந்தன.

பகவதிப்பெருமாள் பாட்டு போட வந்தார். வேண்டாம் என்று என் கேசட்டைப் போட்டேன். கடையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். கைக்குட்டையால் ஒருமுறை துடைப்பேன், மாட்டிக்கொள்வேன். எத்தனை காது ஏறி இறங்கியதோ என்று நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். விலை உயர்ந்தது அழகாகக் குத்தியது. மலிவானது சுருக்கென்று குத்தியது. கழுத்தைச் சுற்றி வருவது இரண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி பிடித்தது. கல்லா மேலே பெட்டிகள் குவிந்தன. தவறு அவை ஒன்றிலும் இல்லை என்பது ஆறாவதைக் கழற்றும்போது எனக்கே அலுத்துப்போகும் அளவுக்குத் தெளிவாகிவிட்டது.

இரண்டு தோட்டையும் திருகிக் கழற்றி, கைக்குட்டையில் வைத்துக் கல்லா மேலே வைத்தேன்.

பகவதிப்பெருமாள் முகம் வெளிறிவிட்டது. "எம்மா, நம்ம கடையில அடகெல்லாம் எடுக்கறதில்ல. ஒரு ஹெட்ஃபோனுக்காகத் தோட்டை வைக்காதீங்க. காசு பொறவு கொடுங்க!"

"அடகு இல்லை அண்ணாச்சி. மாட்டிப் பாக்கணும், அவ்வளவுதான்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் நான் போகும்வரை அந்தக் கைக்குட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூளிக் காதோடு மறுபடி ஒவ்வொன்றாக மாட்டினேன். கடைசியில், காதை முழுக்க மூடும் ஒரு கறுப்பு ஹெட்ஃபோனில் டாக்டர் மூச்சு இழுப்பது வரை கேட்டது. அவர் ஒரு வாக்கியத்தை எங்கே முடிக்கிறார் என்பதை அன்றுதான் முதல்முறையாக அறிந்தேன்.

"அது வேண்டாம்மா. பாட்டுக்குச் சொகப்படாது. பேஸே கிடையாது. யாரும் கேக்காம தூசி அடஞ்சு கெடக்கு" என்றார் கடைக்காரர்.

"பாட்டு வேண்டாம். அதைக் கொடுங்கோ."

என் கணவர் வாங்கியதில் பாதி விலைகூட ஆகவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

தேர்வறையில் தோட்டைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுதினேன். ஒரு கோடுகூடப் போடவில்லை. மறுவாரத்திலிருந்து வேலை என்றார்கள். காலையில் போய்ச் சிடியில் ஃபைல்களை வாங்கி வந்து, வீட்டிலேயே அடித்துக் கொடுக்கவேண்டும். வீட்டிலேயே என்றால் மாமியாரின் கண் முன்னாலேயே. தோட்டைக் கழற்றினால்தான் காதில் விழும் என்று அன்று மத்தியானமே அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "ஏண்டி, லோகத்துல வேற ஹெட்ஃபோனே இல்லையா?"

"கடை முழுக்கப் பாத்தாச்சும்மா."

"அனந்துவைக் கூட்டிண்டு போய்ப் பாத்தியோ?"

பதில் சொன்னால் சண்டையாகும். உள்ளே போய்த் தோட்டைக் கழற்றிவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன். வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பக்கம் திரும்பு." திரும்பினேன். "இந்தப் பக்கம்." திரும்பினேன். எழுந்து வந்து என் காதுப் பக்கம் குனிந்து உற்றுப் பார்த்தார். காது மடல்கூட வெளியே தெரியாமல் கறுப்பு மூடியிருந்தது.

"தெரியலை" என்றார் ஒருவழியாக. "சரி. பண்ணித் தொலை. ஆனா ஒண்ணு. ஆத்துக்கு யார் வந்தாலும் அதைக் கழட்டப்படாது."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துச் சரி என்றேன்.

இரண்டாவது வாரம், வலியசாலையிலிருந்து சிவகாமியம்மாள் பேரனுக்குப் பூணூல் என்று அழைக்க வந்தார். அன்றைய கடைசி ஃபைலை அப்போதுதான் முடித்திருந்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றக் கை மேலே போனது. மாமியார் கண்ணாலேயே தடுத்தார். கை கீழே வந்துவிட்டது.

"என்ன பாகீரதி, மருமாள் எழுந்து வந்து வான்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"அமெரிக்காவுலேர்ந்து டாக்டர் பேசிண்டிருக்கார். நடுவுல எழுந்திருக்கப்படாதாக்கும்."

"எத்தனை நாழி பேசுவார்?"

"அது நோயைப் பொறுத்தது."

காப்பி வந்தது. சிவகாமியம்மாள் பந்தல்காரனைப் பற்றிச் சொன்னார், சமையல்காரனைப் பற்றிச் சொன்னார். பிறகு தம் மருமகளைப் பற்றித் தொடங்கினார். மூடிய காதுக்குள் வியர்த்து வழிந்தது. புறப்படும்போது எனக்குக் குங்குமம் வைக்க அருகே வந்தார். மாமியார் எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, "நெத்தியில மாத்திரம் வெச்சுடு, சிவகாமி. வயரைத் தொட்டா டாக்டர் கட்டாயிடுவார்" என்றார்.

"பாவம், நாம பேசறது ஒண்ணும் அவளுக்குக் கேக்காதோ?"

"ஒரு அட்சரம் கேக்காது."

"அப்படின்னா நிம்மதியா உக்காந்து சொல்றேன்" என்று சிவகாமியம்மாள் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாமியார் என்னைப் பார்த்தார். நான் பெடலை அழுத்தினேன். காதில் ஒரு சத்தமும் வரவில்லை. திரையில் காலியாக இருந்த புதுப் பக்கத்தில் என்னென்னவோ எழுத்துகளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தேன்.