பெற்றுக்கொள்ள இங்கே தொடவும்

ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறி, இஸ்திரி போடும் ரோலரின் வாய்க்குள் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும். ஒரு கை முந்திவிட்டால் துணி கோணிக்கொண்டு உள்ளே போகும். அப்புறம் மெஷினை நிறுத்தி, சூட்டோடு சூடாக அதைப் பிடுங்கி எடுக்க வேண்டும். இடப்பக்கம் நெட்டையக்கா, வலப்பக்கம் சோடாபுட்டி. ஒருத்திக்கு உயரத்தால் வந்த பெயர், இன்னொருத்திக்குக் கண்ணாடியின் கனத்தால். வருகைப் பதிவில் இருந்த சொந்தப் பெயர்களைச் சலவைக்கூடத்தில் யாரும் கூப்பிட்டதில்லை.

ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருந்தது அந்தக் கூடம். மேலே வார்டுகளில் என்ன நடக்கிறது என்று இறங்கி வரும் டிராலிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். காய்ச்சல் பரவிய மாதங்களில் டிராலிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. ஷிப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வியர்வையும் நீராவியும் சேர்ந்து முதுகில் ஓட, நின்ற காலிலேயே வேலை. ஓவர்டைம் காசு சம்பளத்தோடு வராது, தனியாக வரும், எல்லாரும் போனில் வைத்திருக்கிற அந்தப் பணம் அனுப்பும் ஆப் வழியாக வரும் என்று கான்ட்ராக்ட் கம்பெனி சொல்லியிருந்தது. காய்ச்சல் ஓய்ந்தது. வார்டுகள் காலியாயின. காசு மட்டும் வரவில்லை.

டீ நேரத்தில் நெட்டையக்காவின் போன் அதிர்ந்தது, ஒரு மெயில். பச்சை வட்டத்துக்குள் வெள்ளை அம்பு, அந்த ஆப்பின் அடையாளமேதான். "அன்புள்ள ஊழியரே, உங்கள் ஓவர்டைம் நிலுவை வந்து சேர்ந்துள்ளது. இன்று மாலைக்குள் பெற்றுக்கொள்ளாவிட்டால் திருப்பி அனுப்பப்படும். பெற்றுக்கொள்ள இங்கே தொடவும்."

"வந்துருச்சு," என்றாள்.

சோடாபுட்டி தன் போனை மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்த்தாள். "எனக்கும் வந்திருக்குக்கா. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. நீயே தொட்டு விடு."

"பாஸ்வேர்டு கேக்குதுடி. காதுல சொல்லு."

"காதுல என்ன சொல்றது? ஒன்னு ரெண்டு மூணு நாலு. ஊருக்கே தெரியும்."

நெட்டையக்கா முதலில் அவளுடையதைத் தொட்டாள், பிறகு தன்னுடையதை. சின்னச் சக்கரம் ஒன்று சுற்றிவிட்டு, "நன்றி, உங்கள் விவரங்கள் பெறப்பட்டன" என்று வந்தது. டீயை வைத்துவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். லாரியில் மூட்டை ஏற்றும்போது இடுப்பில் எலும்பு வட்டு நழுவி, பாயோடு பாயாகக் கிடந்தார் அவர்.

"என்னங்க, ஓவர்டைம் வந்துருச்சு. வரும்போது டாக்டர் சொன்ன இடுப்பு பெல்ட்டை வாங்கிட்டு வந்துடறேன்."

"கைக்கு வரட்டும், இரு."

"கைக்கு வந்த மாதிரிதான்."

சாயங்காலம் வீட்டு வாடகைக்கு எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்துப் பெல்ட் வாங்கினாள். அவர் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். அவள் பின்னால் நின்று இழுத்துக் கட்டினாள். பல நாள் கழித்து அவர் வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து, ரோலரை நிறுத்தச் சொன்னார். முகத்தைப் பார்க்காமலேயே சிலரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். துணி எண்ணும் அறையில் கம்பெனி ஆள் ஒருவன் லேப்டாப்போடு காத்திருந்தான். இஸ்திரி கலையாத சட்டை போட்ட இளைஞன். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் தூண்டிலைக் கவ்விய மீன் ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது. கீழே, "நீங்கள் சிக்கிக்கொண்டீர்கள்."

"பயப்படாதீங்கம்மா," என்றான். "நேத்து வந்தது நிஜமான திருட்டு மெயில் இல்ல. யாரு ஏமாறுவாங்கன்னு பாக்கக் கம்பெனியே அனுப்பின சோதனை. நிஜத் திருடனா இருந்தா இந்நேரம் உங்க அக்கவுன்ட்டைத் தொடச்சு எடுத்திருப்பான்."

நெட்டையக்காவுக்குப் பெல்ட்டுதான் நினைவுக்கு வந்தது.

அவன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான். அந்த மெயிலைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினான். "அனுப்பினவர் பேரை நம்பாதீங்க. பேரு யாரு வேணா போட்டுக்கலாம். அந்தப் பேரைத் தொட்டீங்கன்னா பின்னாடி இருக்கற முழு முகவரி தெரியும். இங்க பாருங்க, ஆப்போட பேரு மாதிரியே இருக்கு, ஆனா இங்கிலீஷ் ஓ எழுத்துக்குப் பதிலா பூஜ்யம். உங்க பேரைச் சொல்லாம 'அன்புள்ள ஊழியரே'ன்னு கூப்பிடறான். மாலைக்குள்ள எடுக்கலைன்னா போச்சுன்னு அவசரப்படுத்தறான். அவசரப்படுத்தினாலே சந்தேகப்படணும். அப்பறம் பாஸ்வேர்டு. பணம் வாங்கறதுக்கு யாரும் பாஸ்வேர்டு கேக்கமாட்டாங்க."

"நம்ம காசு நிஜமாவே வந்திருந்தா எப்படித் தம்பி தெரிஞ்சுக்கறது?" என்று நெட்டையக்கா கேட்டாள்.

"லிங்க்கைத் தொடாதீங்க. நீங்களே ஆப்பைத் திறந்து பாருங்க. வந்திருந்தா அதுல காட்டும். இல்லைன்னா ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்ல, உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கற நம்பருக்கு."

அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சோடாபுட்டி கையைத் தூக்கினாள்.

"அப்ப ஓவர்டைம் காசு?"

அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான். சூப்பர்வைசர் சுவரிலிருந்த மீனைப் பார்த்தார். "அது வேற டிபார்ட்மென்ட்டும்மா," என்றான் அவன்.

"எங்களுக்கு வரவேண்டிய காசைச் சொல்லியே தூண்டில் போட்டீங்களா?"

"எதைச் சொன்னா நீங்க தொடுவீங்களோ, அதைத்தானே திருடனும் சொல்வான்," என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. பாடத்தில் அடுத்த வரி அது, அவ்வளவுதான்.

அந்த வகுப்பு நடந்த நேரத்துக்குச் சம்பளம் பிடித்தார்கள். இன்னொரு முறை சிக்கினால் வேலை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் அவர் பெல்ட்டைக் கழற்றிப் பாயின்மேல் வைத்தார். "திருப்பிக் கொடுத்துடலாம்."

அவள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு நாள் வியர்வை அதில் மஞ்சளாய் இறங்கியிருந்தது. "எடுத்துக்கமாட்டாங்க. நீங்க கட்டிக்குங்க."

வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் பேசிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு மெயில் விஷயத்தில் நெட்டையக்காவை யாரும் ஏமாற்ற முடியவில்லை. ஒருநாள் சோடாபுட்டி பதறிக்கொண்டு போனை நீட்டினாள். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, உடனே சரிபார்க்கவும்" என்று அதே பச்சை வட்டத்தோடு வந்திருந்தது. நெட்டையக்கா அனுப்பியவர் பெயரைத் தொட்டாள். பின்னாலிருந்து தலையும் வாலும் இல்லாத முகவரி ஒன்று எட்டிப் பார்த்தது. லிங்க்கை விட்டுவிட்டு ஆப்பைத் திறந்தாள். கணக்கு இருந்தபடியே இருந்தது.

"திருட்டுப் பயதான். அழிச்சுடு. அந்த ஒன்னு ரெண்டு மூணு நாலை இன்னைக்கே மாத்து."

"மாத்தினா நான் மறந்துடுவேனே."

"மறந்தா பரவாயில்ல. திருடனுக்கும் தெரியாதுல்ல."

அன்றிலிருந்து யாருக்கு எந்த மெயில் வந்தாலும் ரோலர் பக்கம் வந்து அவளிடம் காட்டிவிட்டுத்தான் போனார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பெயரைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டுவாள். அவர்கள் அழித்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட்டை வேறு கம்பெனிக்கு மாற்றியது. கூடத்தின் கதவிலிருந்த பழைய பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். புதுக் கம்பெனி கூடத்து ஆட்களை மூன்று மாதச் சோதனைக் காலத்துக்கு எடுத்துக்கொண்டது. சூப்பர்வைசரை எடுத்துக்கொள்ளவில்லை. ஓவர்டைம் பாக்கியைக் கேட்டதற்கு, அது பழையவர்கள் பாடு என்றார்கள். முதல் வாரமே துணி எண்ணும் அறையில் வகுப்பு வைத்தார்கள். வந்தவன் அதே லேப்டாப் இளைஞன். சட்டையில் கம்பெனி பெயர் மட்டும் மாறியிருந்தது. மீன் மாறவில்லை.

"எப்ப வேணா சோதனை மெயில் வரலாம்," என்றான். "சோதனைக் காலத்துல தொட்டீங்கன்னா நான் ஒன்னும் பண்ண முடியாது."

சில நாட்களில் ஒரு மெயில் வந்தது. "அன்புள்ள முன்னாள் ஊழியரே, ஓவர்டைம் நிலுவை உட்பட உங்கள் இறுதித் தொகை தயாராக உள்ளது. ஒரு வாரத்துக்குள் கீழேயுள்ள லிங்க்கைத் தொட்டு உங்கள் வங்கிக் கணக்கைப் பதிவு செய்யவும்." டீ நேரத்தில் எல்லாருடைய போனும் அடுத்தடுத்து அதிர்ந்தது. டம்ளரும் கையுமாக எல்லாரும் நெட்டையக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவள் பெயரைத் தொட்டாள். பழைய கம்பெனியின் பெயர் முகவரியில் எங்கேயும் இல்லை. நீளமாய் ஏதோ ஒன்று. பெயர் சொல்லி அழைக்கவில்லை, கெடு வைத்திருக்கிறது, கணக்கு விவரம் கேட்கிறது. ஆப்பைத் திறந்து பார்த்தாள். அதில் எதுவும் வரவில்லை. பழைய கம்பெனியின் பழைய நம்பருக்குப் போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண்குரல். சூப்பர்வைசரின் போன் அணைந்து கிடந்தது.

"அந்தத் தம்பி வேலைதான்," என்றாள். "மறுபடியும் அதே காசை வெச்சுப் பாக்கறான்."

"நிஜமா இருந்தா?" என்றாள் சோடாபுட்டி. "தொட்டா வேலை போகும். தொடாட்டி?"

"தொடாட்டி ஒன்னும் போகாது. அழிச்சுடு. யாரும் தொடாதீங்க."

அழித்தார்கள். சில நாட்கள் கழித்து, "இறுதி நினைவூட்டல்" என்று இன்னொன்று வந்தது. அவசரப்படுத்துகிறான் பார் என்று அதையும் அழித்தார்கள். மாதம் முடிய யாருக்கும் வேலை போகவில்லை. தாங்கள் தேறிவிட்டோம் என்று கூடம் முழுக்கப் பேசிக்கொண்டது.

வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் சூப்பர்வைசரைப் பார்த்தாள். மருந்துக்கடைக்கு எதிரே வண்டிகள் நிறுத்துமிடத்தில், தொளதொளவென்ற சீருடையில் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"நல்லா இருக்கியாம்மா? உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு நடக்கறாரா? செட்டில்மென்ட் வாங்கினதுல வைத்தியத்தை முடிச்சுடு, தள்ளிப் போடாத."

"என்ன செட்டில்மென்ட் சார்?"

"மெயில் வந்துச்சே. ஓவர்டைமும் சேத்துப் போட்டிருந்தானே. வராதுன்னுதான் நானும் நெனச்சேன். லிங்க்கைத் தொட்டேன், மறுநாளே அக்கவுன்ட்ல ஏறிடுச்சு."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காட்டினார். அதே வாசகம், அதே நீள முகவரி. நெட்டையக்கா அதை இரண்டு முறை படித்தாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்ததும், அவர்தான் அவள் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"கம்பெனிக்குப் போன் பண்ணேன் சார். உங்களுக்கும் பண்ணேன்."

"பில்லு கட்ட முடியல, போனை வித்துட்டேம்மா," என்றார். "இது எம் பொண்ணோடது."

மறுநாள் ரோலர் முன்னால் நின்று அவளே எல்லாரிடமும் சொன்னாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. துணி பிரிக்கிற பெண்ணொருத்தி மட்டும், "நான் தொடத்தான்க்கா போனேன், உன்னைக் கேட்டுட்டுத் தொடலாம்னு வந்தேன்," என்று சொல்லிவிட்டு, அழுக்கு மூட்டையைப் பிரிக்கத் திரும்பிக்கொண்டாள்.

விடுப்பு நாளில் சோடாபுட்டியும் அவளும் பழைய கம்பெனியின் புது விலாசத்தைத் தேடிப் பிடித்துப் போனார்கள். கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு ஒரு துளை, அதற்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முறை வந்து போய் நின்றால், துளை அவள் உயரத்துக்கு மிகக் கீழே இருந்தது. நெட்டையக்கா குனிந்து நின்று பேசினாள்.

"மெயில் அனுப்பியிருக்கோமே," என்றார் குமாஸ்தா. "நினைவூட்டலும் போயிருக்கு."

"திருட்டு மெயில்னு நெனச்சோம் சார். அதுல உங்க கம்பெனி பேரே இல்லையே."

"அது ஏஜென்சி மூலமா அனுப்பறது. எங்க பேர்ல வராது."

"நீங்கதானே சார் பாடம் நடத்தினீங்க? அப்படி வந்தா தொடாதன்னு."

"அது வேற டிபார்ட்மென்ட்." அவர் எதையோ தட்டி, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். சலவைக்கூடத்தில் யாரும் கூப்பிடாத சொந்தப் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே வாசகம்: "பெற்றுக்கொள்ள விருப்பமில்லை."

சோடாபுட்டி கண்ணாடியில் மூக்கு இடிக்கப் படித்தாள். "விருப்பமில்லைன்னு நாங்க எப்ப சார் சொன்னோம்?"

"எடுக்கலைன்னா சிஸ்டம் அப்படித்தான் போடும்மா. என் கையில இல்ல." அவர் குரலை லேசாகத் தணித்தார். "ஒன்னு செய்யுங்க. மேல்முறையீடு போடலாம். மெயில் ஐடியைச் சொல்லுங்க, லிங்க் ஒன்னு வரும். அதைத் தொட்டு அக்கவுன்ட் விவரம் கொடுங்க. அப்பறம் பாப்பாங்க."

நெட்டையக்கா எழுத்துக் கூட்டிச் சொன்னாள். சோடாபுட்டியினுடையதையும் அவளே சொன்னாள். குமாஸ்தா தட்டி முடித்து மணியை அழுத்தினார். பின்னாலிருந்து ஒருவர் துளைக்கு நேரே கையை நீட்டிவிட்டார்.

ஒதுங்கி நின்றபோது போன் அதிர்ந்தது. "அன்புள்ள பயனாளரே," என்றிருந்தது. பெயரைத் தொட்டாள். நீளமாய் வேறொரு முகவரி, அதிலும் கம்பெனி பெயர் இல்லை. கீழே சிவப்பில், "இன்று மாலைக்குள்."

"சார், இது நீங்க அனுப்பினதுதானா?" என்று போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். குமாஸ்தா அடுத்தவரின் காகிதத்தில் குனிந்திருந்தார். இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொடட்டுமாக்கா?" என்றாள் பக்கத்தில் சோடாபுட்டி. அவள் போனிலும் அதே மெயில்.

நெட்டையக்கா தன் போனைப் பார்த்தாள். கையிலிருந்த திரை மங்கத் தொடங்கியது. அணைந்துவிடாமல் இருக்க, லிங்க்கில் பட்டுவிடாத ஓரமாகப் பார்த்து, விரலின் நுனியை வைத்தாள். வெளிச்சம் வந்தது. சற்று நின்று மீண்டும் மங்கியது. மறுபடி அதே ஓரத்தில் விரலை வைத்தாள்.