மரத்தடி மேடு

வாரத்தில் ஆறு நாள் தையல் மெஷினில் குனிகிறவளுக்கு ஏழாவது நாளும் குனிய ஒரு வேலை வேண்டுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்காதவர்கள் இல்லை. தையற்காரி யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஞாயிறு காலை கணவருக்கு முகம் துடைத்து, சாப்பாடு ஊட்டி, தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிரே இருக்கும் பூங்காவுக்குப் போய்விடுவாள். அங்கே மண்வெட்டியும் கூடையுமாக, கூலிகூட வாங்காமல் மாரடிக்கிற ஒரு கூட்டம் இருந்தது.

கணவர் படுத்த படுக்கையாகிப் பல வருஷம் ஆகிறது. கட்டிலில் இருந்து பார்த்தால் மாடி ஜன்னலில் தெரிவது பூங்கா வேலியோரத்து மரம் ஒன்றுதான். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் மனிதர் எதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்? அந்தக் கவலைதான் அவளைக் கூடை தூக்க வைத்தது.

மக்கிய சருகை மரத்தடியில் போட்டால் ஈரம் நிற்கும், மரம் செழிக்கும். மற்ற மரங்களுக்கு ஒரு கூடை என்றால், இந்த மரத்துக்கு மட்டும் அவள் மூன்று நான்கு என்று கொண்டுவந்து கொட்டினாள். வாரா வாரம் கொட்டிக் கொட்டி அடிமரத்தை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடே எழுந்துவிட்டது. கூட்டத்துக்குத் தலைவர் ஒரு ரிட்டயரான கண்டக்டர். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் அவருக்கு விசில் என்றே பெயர். "இந்த மரம்தாம்மா ராஜ வாழ்க்கை வாழுது" என்று அவரும் மெச்சினார். தப்பென்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கொட்டி முடித்ததும் மரத்தடி சிமென்ட் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவாள். கிளை மறைக்கும், கட்டிலில் இருந்து தெரியாது என்று ஒரு நினைப்பு. வீட்டுக்குப் போனதும், "வேலை இழுத்துடுச்சுங்க" என்று கூசாமல் ஒரு பொய். மனசு மட்டும் குறுகுறுக்கும்.

இந்த வருஷம் மரத்தில் ஒரு பக்கத்து இலை வெளிறிச் சுருண்டது. இன்று பூங்கா மேற்பார்வையாளர் வந்து மண்டிபோட்டு, மேட்டைக் கையாலேயே விலக்கினார். உள்ளே பட்டை கறுத்து ஊறிப்போயிருந்தது. விரலால் அழுத்தினார், நனைந்த அட்டை போல அமுங்கியது.

"யாரு இப்படிக் குமிச்சது?"

விசில் வானத்தைப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றாள் தையற்காரி.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "வேருக்குத்தாம்மா ஈரம். அடிமரத்துக்குக் காத்து படணும். நல்லதுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் இப்படிப் பண்றாங்க."

"இதையெல்லாம் அள்ளிட்டா பொழைக்குமா சார்?"

அவர் மரத்தைச் சுற்றி வந்து அங்கங்கே அழுத்திப் பார்த்தார். "பாதிக்கு மேல அழுகிடுச்சு. காத்தடிச்சா ரோட்டுல போறவங்க மேல விழும். புதன்கிழமை வெட்டிடுவாங்கம்மா."

அவர் போன பிறகும் அவள் மேட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். இனி அள்ளி என்ன புண்ணியம் என்று தெரியாமலா? ஆனால் சும்மா நிற்க முடியவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. அள்ளி முடித்துவிட்டு, இன்று பெஞ்சில் உட்காராமல் வீட்டுக்கு நடந்தாள்.

கட்டிலருகே நின்றபடியே சொன்னாள். "மரத்தை வெட்டப் போறாங்க. நான் போட்ட சருகாலதான் அழுகிப்போச்சாம். உங்களுக்குப் பார்க்கன்னு இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் மரத்தையா பார்த்துட்டிருந்தேன்?"

அவளுக்கு விளங்கவில்லை.

"கூடையைக் கவுத்துட்டு அந்த பெஞ்சுல உக்காருவியே. காலை நீட்டிக்கிட்டு, ஒண்ணும் பண்ணாம. இந்த வீட்டுல நீ அப்படி உக்காந்து நான் பார்த்ததே இல்ல."

அவளுக்கு முகம் சுட்டது. "தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா எழுந்து வந்துடுவே."

இத்தனை நாளும் திருடியதாக நினைத்திருந்த நேரம், அவர் கொடுத்தது.

"மரத்தைத்தானே வெட்டுறாங்க" என்றார் அவர். "பெஞ்ச் இருக்கும்ல?"

"நிழல் இருக்காதே. வெயில் மண்டையைப் பொளக்கும்."

"குடை எடுத்துட்டுப் போ."

அடுப்படியில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. கையெல்லாம் மண். கழுவக்கூடப் போகாமல் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.