ஈரக் குரல்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் அவளுக்குப் பெயரே மாறிப்போயிருந்தது. நர்சுகளில் தொடங்கி லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவள் ‘கெட்டித்தண்ணி அக்கா’. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வெறும் தண்ணீர் ஆபத்து. இறங்க வேண்டிய வழியை விட்டு மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். அதனால் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் தருவார்கள். அதைக் கலக்கி, தம்ளர்களில் ஊற்றி, தள்ளுவண்டியில் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோவது பதினோரு வருடமாக அவள் வேலை.

வார்டுக்குப் பேச்சு சிகிச்சையாளர் வரும் நேரத்தில் மட்டும் அந்த வண்டியின் சக்கரம் ஏனோ சிக்கிக்கொள்ளும். நோயாளியின் தொண்டையில் இரண்டு விரல் வைத்து அவர் விழுங்கவைப்பதையும், வாய் கோணிப்போனவரை ஒரு எழுத்து ஒரு எழுத்தாகப் பேசவைப்பதையும் இவள் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதைத்தான் படிக்க வேண்டும் என்ற ஆசை எந்த நாளில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. வந்தது போகவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன் வாங்கிய தாவரவியல் பட்டம் பீரோவில் கிடந்தது. பேச்சு சிகிச்சை முதுநிலைப் படிப்புக்கு அது மட்டும் போதாது. உடற்கூறு, மொழியியல், செவியியல் என்று ஐந்து தாள்கள் கூடுதலாக எழுதியிருக்க வேண்டும். இரண்டு வருடம் மாலை வகுப்புக்கு ஓடி ஐந்தையும் முடித்தாள். முதல் வருடம் விண்ணப்பித்த மூன்று கல்லூரிகளும் ஒரே வரியில் கையை விரித்துவிட்டன. அடுத்த வருடம் ஒரு கல்லூரி காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாக வைத்தது. அழைப்பு ஐந்தோடு நின்றுபோனது. மூன்றாம் முறை உட்கார்ந்தபோது வயது முப்பத்தெட்டு.

கணவர் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கேட்டால் “போடு” என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச்சு பெயராது. வீட்டுக்கே சேர்த்துப் பேசுவது அவருடைய அக்காதான். அச்சகத்தில் பிழைதிருத்துகிறவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு அவர் உட்கார்ந்துவிட்டால் எந்தக் காகிதமும் கோடு வாங்காமல் திரும்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கல்லூரி கேட்கும் ‘நோக்கக் கட்டுரை’யை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு இவள் எதிரே நின்றாள். சிறு வயது முதலே சேவை செய்யும் எண்ணம் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது என்று தொடங்கும் கட்டுரை அது.

நாத்தனார் முழுவதும் படித்தார். ஒரு கோடுகூடப் போடவில்லை.

“பிழையே இல்ல,” என்றார். “ஆனா இதை நீ எழுதினியா, இல்ல கல்யாணப் பத்திரிகைலேர்ந்து எடுத்தியா?”

“ஏன் அண்ணி?”

“நான் ஒரு நாளைக்கு நாப்பது பத்திரிகை பாக்கறவ. யார் பேரை எடுத்துட்டு யார் பேரைப் போட்டாலும் பொருந்தும். இதுல உன்னைக் காணோமே.”

பரிந்துரைக் கடிதம் தர ஒப்புக்கொண்ட பேச்சு சிகிச்சையாளரும் மறுநாள் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். அந்தக் கண்டக்டர் விஷயத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். இவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த விஷயத்துக்காகத்தான் சமையற்கூட மேற்பார்வையாளர் இவளுக்கு மெமோ கொடுத்திருந்தார்.

நடந்தது இதுதான். போன வருடம் பன்னிரண்டாம் கட்டிலுக்கு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். பக்கவாதம் அவருடைய பேச்சையெல்லாம் துடைத்துவிட்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைத்திருந்தது: ‘ரைட்’. வலிக்கிறதா என்றால் ரைட். மகள் வந்திருக்கிறாள் என்றால் ரைட். அழும்போதும் ரைட்தான். பத்து நாள் கெட்டித்தண்ணீர் குடித்தபின், இருமல் இல்லை என்பதால் சாதாரணத் தண்ணீருக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டாம் நாள் இவள் கொடுத்த தண்ணீரை நாலு மடக்கு குடித்துவிட்டு அவர் நன்றியோடு “ரைட்” என்றார். இவளுக்கு ஏதோ உறுத்தியது. குடிப்பதற்கு முன் விசில் மாதிரி கணீரென்றிருந்த அதே சொல், இப்போது குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கொழகொழத்தது. கண்ணிலும் லேசாக நீர் கட்டியிருந்தது. ஆனால் இருமவே இல்லை.

நர்சிடம் சொன்னாள். இருமல் இல்லையே, உங்க வேலையைப் பாருங்க அக்கா என்று பதில் வந்தது. இவள் மிச்சத் தண்ணீரைக் கையில் பிடித்தபடி அந்தக் கட்டிலருகிலேயே நின்றுவிட்டாள். சிகிச்சையாளர் வரட்டும், அவர் சொன்னால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் நின்றாள். மற்றக் கட்டில்களுக்குத் தண்ணீர் தாமதமானது. வரம்பு மீறினாள், வேலையைத் தாமதப்படுத்தினாள் என்று அதற்குத்தான் மெமோ. அன்று மாலை எக்ஸ்ரே வைத்து விழுங்கவைத்துப் பார்த்ததில், தண்ணீர் சத்தமே இல்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

எழுதினால் மெமோவும் சேர்ந்து வெளியே வரும். எழுதாவிட்டால் மறுபடியும் கல்யாணப் பத்திரிகை. மூன்று நாள் தவித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி, மெமோ உட்பட எழுதினாள். நாத்தனார் சிவப்புப் பேனாவால் ஏழு இடத்தில் கோடு கிழித்தார். இவளுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கல்லூரித் தாழ்வாரத்தில் காத்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இவளைப் பார்த்து, யாருடைய அம்மாவோ என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த துறைத்தலைவர் அம்மையார், கட்டுரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“உங்க வேலை தண்ணி குடுக்கறது. நீங்க வரம்பு மீறிட்டீங்கன்னு மெமோ குடுத்திருக்காங்க. இங்கேயும் அப்படித்தான் செய்வீங்களா?”

கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

“மேடம், நான் எதையும் மாத்தல. மாத்தறதுக்கு எனக்குப் படிப்பும் இல்ல, உரிமையும் இல்ல. தெரிஞ்சவங்க வந்து பாக்கற வரைக்கும் தம்ளரைக் கீழ வைக்கல, அவ்வளவுதான். என் காதுல தப்பா விழுந்திருந்தா, நாப்பது நிமிஷம் வீணாப் போயிருக்கும். மெமோ நியாயம்தான். ஆனா மறுபடி ஒரு குரல் அப்படிக் கேட்டா, மறுபடியும் நிப்பேன்.”

ஓரத்தில் இருந்த இளம் பேராசிரியர் மடிக்கணினியைத் திருப்பினார். மூன்று பதிவுகள் போடுவதாகவும், எல்லாமே ‘ஆ’ என்று நீட்டிச் சொல்வதுதான் என்றும், காதில் விழுவதை மட்டும் சொன்னால் போதும் என்றும் விளக்கினார். முதல் குரல் நடுங்கியது, சொன்னாள். இரண்டாவதில் பாதிக் காற்று வீணானது, சொன்னாள். மூன்றாவது ஓடத் தொடங்கியதும் அவள் தன்னையறியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“இவர் இப்பத்தான் எதையோ குடிச்சிருக்கார். குரல் மேல தண்ணி நிக்குது. இருமச் சொல்லுங்க சார், மறுபடி விழுங்கச் சொல்லுங்க. இப்படியே படுக்க வெச்சிடாதீங்க.”

ஏதோ அந்த மனிதர் பக்கத்து அறையில் படுத்திருப்பதுபோல அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இளம் பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஆறு வருடத்துக்கு முந்தைய பதிவு என்றார். அந்த நோயாளி இருந்த வார்டில் அன்று அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனதாம். அம்மையார் அப்போதுதான் முதல்முறையாகக் கட்டுரையை மேசையில் வைத்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்தார்.

முடிவு வெளியாகும் நாளில் இவளுக்குக் காலை வேலை. சமையற்கூடத்துக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. கல்லூரி இணையதளத்தின் கடவுச்சொல்லை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பதினொன்றரைக்கு, இருபது தம்ளரைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது சுவர்த் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் மெமோ கொடுத்த அதே மேற்பார்வையாளர். யாருங்க, என்னங்க என்று கேட்டவர் வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, கடைசியில் பேனாவைத் தேடி எடுத்து ஒரு கணக்குத்தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். அந்தப் பக்கம் நாத்தனார் எழுத்துப்பிழை வராமல் சொல்லிக்கொடுக்கிறார் என்பது இவளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டி கையிலேயே நின்றது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எழுதியதைப் பார்த்து வாசித்தார்.

“காத்திருப்புப் பட்டியல் இல்லை. முதல் பட்டியல். இரண்டாவது பெயர்.” பிறகு காகிதத்தை மடித்தார். “அப்புறம், உங்க அண்ணி என்னை ‘மெமோகாரர்’னு கூப்பிட்டாங்க. அதையும் சொல்லிடறேன்.”

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஈரக்கையோடு கட்டிக்கொண்டாள். மேற்பார்வையாளர், இன்றைக்கு மட்டும் வார்டுக்குத் தண்ணீரைத் தானே தள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னார். இவள் விடவில்லை. எந்தக் கட்டிலுக்கு எந்தப் பதம் என்று அவருக்குத் தெரியாது என்றாள். அது உண்மையும்கூட.

அன்று கணவர் நாலு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டு வருடத்தில் அப்படிப் பூட்டியதில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவார் என்று தெரிந்ததால் இவளும் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தே போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பு தொடங்கியது. முப்பது பேரில் மூத்தவள் அவள்தான். அடுத்த மூத்தவனுக்கு இருபத்தாறு. பின்வரிசையில் இடம் இருக்கிறது அக்கா என்று ஒரு பெண் மரியாதையாகக் காட்டினாள். அவள் நன்றி சொல்லிவிட்டு நேராக முன்வரிசைக்குப் போய், நடு இடத்தில் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.