வளைவின் மேல் இருந்த வருஷம்

காலை எட்டு மணிக்குத் தையல்காரிதான் கொழுந்தனிடம் சொன்னாள். "மேல இருக்கிற அழுக்கைக் கொஞ்சம் கழுவி விடு தம்பி. வர்றவங்க கண்ணுல முதல்ல படுறது அதுதான்." அந்த நேரத்தில் அவளுக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, தெரியவில்லை.

பழைய மார்க்கெட் கட்டடத்தில் இருபத்திரண்டு கடைகள். அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடம் கட்ட வேண்டும் என்று நகராட்சி ஒற்றைக் காலில் நின்றது. நூறு வயது தாண்டிய கட்டடத்தைத் தொடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வயதைச் சொல்லும் பத்திரத்தை நகராட்சியிலேயே கரையான் தின்றுவிட்டதாம். நல்ல கரையான், வேண்டாத பத்திரமாகப் பார்த்துத் தேடித் தின்றிருக்கிறது! மிச்சமிருந்த ஒரே சாட்சி, வாசல் வளைவின் மேல் சுண்ணாம்புக் காரையில் புடைப்பாக எழுதியிருந்த வருஷம். புருஷன் போன பிறகு அந்த வளைவுக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து தைத்துத்தான் தையல்காரி இரண்டு பெண்களையும் வளர்த்தாள். சின்னவளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. கடை போனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் உட்காருவாள்?

பதினோரு மணிக்குப் பழைய கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரியம்மா வருவதாக இருந்தது.

கொழுந்தன் டைல்ஸ் போடுகிறவன். எந்தக் கறையாக இருந்தாலும் ஆசிட் விட்டால் போய்விடும் என்பது அவனுடைய இருபது வருஷ அனுபவம். ஏணியில் ஏறி ஊற்றினான். புசுபுசுவென்று நுரை பொங்கியது. கீழே நின்றவளுக்கு ஒரே சந்தோஷம்.

"எவ்வளவு அழுக்கு பாரேன்! இன்னும் கொஞ்சம் ஊத்து."

பொங்கியது சுண்ணாம்பு. தண்ணீர் விட்டுக் கழுவியதும் சுவர் பளிச்சென்று இருந்தது. வருஷத்தைத்தான் காணோம்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

"அழாதீங்க அண்ணி. மணி ஒம்பதுதான் ஆகுது. அதே இடத்துல சிமெண்ட்ல எழுதிடறேன். டீத்தூள் தண்ணியும் கரியும் பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"மாட்டிக்கிட்டோம்னா?"

"உண்மையைச் சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா? 'இருந்துச்சுங்க, நாங்கதான் கழுவிட்டோம்'னு சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க."

அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. "எழுது" என்றாள்.

அதிகாரியம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். கூடவே நகராட்சி இன்ஜினீயரும் வந்தார். அதிகாரியம்மா வளைவை அண்ணாந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் அண்ணாந்து பார்த்தார்.

"போன மாசமே சொல்லாம வந்து படம் எடுத்துட்டுப் போயிட்டேம்மா. ரிப்போர்ட்டும் உங்க பக்கம்தான் எழுதியிருக்கேன். இன்னிக்கு ஒருதரம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வந்தேன். இந்தப் படத்துல வருஷத்தோட கடைசி எண் உடைஞ்சிருக்கே, அங்கே எப்படி முழுசாச்சு?"

தையல்காரி வாயைத் திறப்பதற்குள் இன்ஜினீயர் ஏணியில் ஏறிவிட்டார். பாவிகள், அந்த ஏணியையாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா! விரலால் தொட்டுப் பார்த்து, அதை எல்லோருக்கும் நீட்டிக் காட்டினார். "ஈரம்கூடக் காயல மேடம்."

"நான்தாம்மா எழுதச் சொன்னேன்!" அவள் அதிகாரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பழசு நிஜமா இருந்துச்சு. சுத்தமா இருக்கணுமேன்னு ஆசிட் ஊத்திட்டோம். உங்க படத்துலதான் இருக்கே, பாருங்களேன்!"

"இருக்கும்மா. அழிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருந்தா இந்தப் படமே போதும். கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"இப்ப எப்படிப் போடுவீங்க?" என்றார் இன்ஜினீயர். "போன மாசம் இருந்ததும் இவங்க பூசினதில்லைன்னு யாரு சொல்றது?"

அதிகாரியம்மா கையெழுத்துப் போடாமலே போட்டோவை ரிப்போர்ட்டுக்குள் வைத்துப் பையை மூடினார்.

தையல்காரி கடைக்குள் ஓடிக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். காகிதத்தைக்கூட வெட்டவிடாமல் பெண்களிடமிருந்து அவள் காப்பாற்றி வைத்திருந்த கத்தரிக்கோல். ஏணியில் ஏறிச் சிமெண்டைச் சுரண்டத் தொடங்கினாள். "அடியில இருக்கும். ஒரு கோடாவது இருக்கும்." சிமெண்ட் தலையிலும் கண்ணிலும் கொட்டியது.

"இறங்குங்க அண்ணி" என்று கொழுந்தன் ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அவள் காதில் விழவில்லை. செங்கல் தெரிந்த பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தாள். இன்ஜினீயர் செல்போனை எடுத்து அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.